சுண்ணாம்புக் கம்பமும் கருங்கல் தீவும்

சிங்கப்பூரின் தரைக்கு அடியில் இரண்டு பெரும் பாறைக் குடும்பங்கள் இருக்கின்றன. தீவின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் கிரானைட். புக்கிட் தீமா குன்றும் புலாவ் உபின் தீவும் அதனால் ஆனவை. மேற்கிலும் தென்மேற்கிலும் மணற்கல், சேற்றுக்கல், கூழாங்கற்கள் இறுகிய திரள்பாறை. ஜூரோங்கும் கென்ட் ரிட்ஜும் செந்தோசாவும் இவற்றின் மேல் நிற்கின்றன. முன்னது பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு உறைந்து பிறந்தது. பின்னவை நீர் சுமந்து வந்து போட்ட மண்ணும் மணலும் இறுகிப் பிறந்தவை. ஒன்று தீப்பாறை, மற்றது படிவுப்பாறை. எழுநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டருக்குள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது ஒப்பிட விரும்புகிறவருக்கு வாய்த்த வசதி. காலையில் உபின் தீவில் படகிறங்கி ஒன்றைத் தொட்டுவிட்டு, மாலையில் லாப்ரடார் பூங்காவின் கடலோரச் செங்குத்தில் மற்றதைத் தொடலாம்.

சொற்களைப் பற்றி முதலில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘தீப்பாறை’ என்ற பாடநூற்சொல் சற்று ஏமாற்றும். அது பிறக்கும் இடத்தில் தீ எரிவதில்லை. கிரானைட் பிறக்கும்போது காற்றே எட்டாத ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல மெல்ல ஆறுவதுதான் நடக்கிறது. ‘கருங்கல்’ என்ற வழக்குச்சொல் வேறு விதத்தில் ஏமாற்றும். அது கல்லின் நிறத்தையும் உறுதியையும் சொல்கிறதே தவிரப் பிறப்பைச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் கிரானைட்டும் கருங்கல், பல்லாவரத்துச் சார்னக்கைட்டும் கருங்கல், அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறிய நைஸ் பாறையும் கருங்கல். உளி எளிதில் இறங்காத எல்லாமே கருங்கல்தான். உபின் தீவின் கல் வெளிர்சாம்பல் நிறம்; ஆனாலும் தமிழர் வாயில் அதற்கும் அதே பெயர். கொத்தனுக்கு இந்த வகைப்பாடு போதும். நிலத்தின் வரலாற்றைப் படிக்க விரும்புகிறவருக்குப் போதாது.

புக்கிட் தீமா கிரானைட்டின் பெரும்பகுதி டிரையாசிக் காலத்தைச் சேர்ந்தது. சுமார் 25 கோடி முதல் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்தது. அன்று இந்நிலத்துக்குப் பக்கத்தில் பழைய டெத்திஸ் என்று புவியியலார் அழைக்கும் கடல் ஒன்று இருந்தது. அதன் தரை இந்நிலத்தட்டுக்கு அடியில் அமிழ்ந்துகொண்டிருந்தது. அமிழும் தட்டு தன்னோடு நீரையும் கொண்டுபோகிறது. அந்த நீர் ஆழத்துப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகிய குழம்பு மேலெழும்புகிறது. இன்று சுமாத்திரா, ஜாவா எரிமலைகளுக்குக் கீழே நடப்பது இதுவே. எழும்பிய குழம்பில் ஒரு பங்கு எரிமலை வாய்வழியே வெளியேறியது. மீதி சில கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கி உறைந்தது. தங்கிய பங்குதான் கிரானைட். ஆகவே புக்கிட் தீமா எரிமலை அல்ல, எரிமலைகளின் வேர். மேலிருந்த மலைகள் கோடிக்கணக்கான ஆண்டு மழையில் கரைந்து போன பிறகு வேர் வெளியே தெரிகிறது. நாட்டின் மிக உயரமான இடமாக எஞ்சியிருக்கும் அந்த வேரின் உயரம் 164 மீட்டர்.

மெதுவாக ஆறியதன் அடையாளம் கல்லின் முகத்திலேயே இருக்கிறது. புதிதாக உடைத்த உபின் கல்லைக் கையில் எடுத்தால் அதன் மணிகளைக் கண்ணாலேயே பிரித்தறியலாம். கண்ணாடித்துண்டு போல் மங்கலாக ஒளிவிடுவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு பளிச்சிடுவது ஃபெல்ட்ஸ்பார். கல்லில் பெரும்பங்கு அதுதான். கறுப்புப் புள்ளிகள் பயோட்டைட் என்ற கரும் அபிரகமும் ஹார்ன்பிளெண்டும். இந்த மணிகள் ஒன்றின் அருகே ஒன்று வைக்கப்பட்டவை அல்ல. குழம்பு ஆறும்போது ஒன்றின் இடுக்கில் மற்றொன்று வளர்ந்து பல்லோடு பல் கோத்துக்கொண்டவை. இடையில் ஒட்டுப்பசை ஏதும் இல்லை, துளையும் அநேகமாக இல்லை. கிரானைட்டின் உறுதிக்கு மூலகாரணம் இந்தப் பின்னல்.

மணற்கல்லின் கதை நேர்மாறானது. அதன் மணிகள் எங்கோ பிறந்து, உடைந்து, உருண்டு, வந்து சேர்ந்தவை. அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது நடுவில் புகுந்த சிலிக்காவோ இரும்பு ஆக்சைடோ களிமண்ணோதான். பிடிக்கும் பசை எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் கல்லும் உறுதி. அதனால்தான் படிவுப்பாறையின் வலிமையை ஓர் எண்ணில் சொல்லிவிட முடிவதில்லை. ஜூரோங்கில் ஒரே கிணற்றுத்துளையில் சுத்தியலை எதிர்க்கும் மணற்கல்லும் நகத்தால் கீறத்தக்க சேற்றுக்கல்லும் அடுத்தடுத்து வரக்கூடும்.

படிவுப்பாறையை அடையாளம் காண முதல் குறி அடுக்கு. லாப்ரடார் பூங்காவின் செங்குத்திலும் செந்தோசாவின் சிலோசோ கோட்டையை ஒட்டிய கரையிலும் இந்த அடுக்குகள் வெளியே தெரிகின்றன. ஓர் அடுக்கு பருமணல், அடுத்தது மெல்லிய சேறு, அதற்கு மேல் கூழாங்கல். ஆறு வேகமாக ஓடிய காலம், தேங்கிய காலம், வெள்ளம் வந்த காலம் என்று வரிசையாகப் பதிந்திருக்கிறது. நீரில் படிந்த அடுக்கு கிடைமட்டமாகத்தான் படியும். ஆனால் சிங்கப்பூரின் அடுக்குகள் சாய்ந்து நிற்கின்றன. சில இடங்களில் செங்குத்தாகவே நிற்கின்றன. படிந்து முடித்த பின் நிலத்தட்டுகள் மோதியதில் அவை மடிந்தன. மடிந்த அடுக்குகளில் வலியவை மேடாக நின்றுவிட, மெலியவை பள்ளமாயின. கென்ட் ரிட்ஜ், தெலோக் பிளாங்கா, ஃபேபர் மலை எல்லாம் வடமேற்கு–தென்கிழக்காக ஒரே திசையில் நீண்டு கிடப்பதன் காரணம் இதுவே. கிரானைட் நிலத்தில் இந்த ஒழுங்கு கிடையாது. அதற்கு அடுக்கும் திசையும் இல்லாததால் குன்றுகள் கவிழ்த்த சட்டிகள் போல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கின்றன. வரைபடத்தில் மேட்டின் வடிவத்தைப் பார்த்தே கீழே என்ன பாறை என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இரண்டாவது குறி உயிர்ச்சுவடு. மலாய் மாநிலங்களின் புவியியலாளராக இருந்த ஜான் ஸ்கிரிவனர் தஞ்சோங் பகார் வட்டாரத்து கத்ரி குன்றில் சிப்பிப் படிமங்களைக் கண்டெடுத்தார்; 1906இல் அவை அறிவியல் இதழில் விவரிக்கப்பட்டன. அந்த அடுக்குகள் படிந்த காலத்தில் அங்கே கடல் இருந்திருக்கிறது என்பதற்கு அந்தச் சிப்பிகளே சாட்சி. கிரானைட்டில் இப்படி ஒரு சாட்சி கிடைக்கவே கிடைக்காது. எழுநூறு டிகிரிக்கு மேல் கொதித்த குழம்பில் எந்தச் சிப்பி பிழைக்கும்?

புக்கிட் பாத்தோக்கில் உள்ள ‘லிட்டில் குயிலின்’ குளம் இந்த ஒப்பீட்டில் தனி இடம் பெற வேண்டியது. பழைய கல்லுடைப்புக் குழியில் நீர் தேங்கி, நடுவில் பாறை நிமிர்ந்து நிற்கும் காட்சி சீனாவின் குயிலின் நகரை நினைவூட்டியதால் வந்த பெயர். காட்சி ஒன்றுதான், கல் வேறு. சீனக் குயிலினின் குன்றுகள் சுண்ணாம்புக்கல், அதாவது கடலில் படிந்த படிவுப்பாறை. மழைநீரில் கரைந்து அந்த வடிவம் பெற்றவை. சிங்கப்பூரின் குட்டிக் குயிலின் கேப்ரோ வகைத் தீப்பாறை. வெடிமருந்தும் கடப்பாறையும் தந்த வடிவம் அது. உள்ளூரில் பலர் அதைக் கிரானைட் என்று சொல்வதும் சரியல்ல. கேப்ரோவும் ஆழத்தில் உறைந்ததுதான், ஆனால் சிலிக்கா குறைவு, இரும்பும் மக்னீசியமும் மிகுதி, அதனால் கறுத்திருக்கும். கருங்கல் என்ற சொல் உண்மையாகவே பொருந்தும் கல் சிங்கப்பூரில் இதுதான் எனலாம்.

தீப்பாறையையும் படிவுப்பாறையையும் எதிரெதிராக நிறுத்துவது பாடநூலின் வசதிக்காக. சிங்கப்பூரில் இரண்டும் உறவினர். ஜூரோங் அடுக்குகள் படியத் தொடங்கியதும் டிரையாசிக் காலத்தில்தான். கீழே கிரானைட் உறைந்துகொண்டிருந்தபோது மேலே எரிமலைகள் சாம்பலைக் கொட்டின. மழை அந்த மலைகளை அரித்து மேற்கிலிருந்த தாழ்நிலத்துக்கும் ஆழமில்லாக் கடலுக்கும் கொண்டுசேர்த்தது. அந்தச் சாம்பலும் எரிமலைக் கல்லின் துணுக்குகளும் ஜூரோங் பாறைகளுக்குள் இருக்கின்றன. ஒரே எரிமலைத் தொடரின் வேர் நடுத்தீவில் என்றால், அதன் உதிர்ந்த உடல் மேற்கில்.

இரண்டின் வயதைக் கணிப்பதிலும் இந்த உறவு வெளிப்படுகிறது. கிரானைட்டில் சிர்கான் என்ற நுண்மணிகள் உண்டு. அவற்றுக்குள் சிக்கிய யுரேனியம் மாறா வேகத்தில் ஈயமாகிக்கொண்டே இருப்பதால், இரண்டின் விகிதத்தை அளந்தால் மணி பிறந்த காலம் தெரியும். கிரானைட்டில் மணியின் வயதே ஏறக்குறைய பாறையின் வயது. மணற்கல்லிலும் சிர்கான் உண்டு. ஆனால் அது சொல்வது தாய்ப்பாறையின் வயதை. மணற்கல் அதைவிட இளையது என்று மட்டும் துணியலாம். ஒரே கடிகாரம் ஒரு வீட்டில் பிறந்த நாளைக் காட்டுகிறது, அடுத்த வீட்டில் தாயின் பிறந்த நாளைக் காட்டுகிறது.

பிறப்பு வேறானால் அழிவும் வேறு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் வெப்பநாட்டில், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் நீர் மெல்லிய அமிலம். அது ஃபெல்ட்ஸ்பாரைத் தின்று களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸை அதனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. பல்லோடு பல் கோத்த பின்னலில் பெரும்பங்கு ஃபெல்ட்ஸ்பார் என்பதால், அது போனதும் பின்னலே அவிழ்ந்துவிடுகிறது. உறுதிக்குப் பெயர்பெற்ற கிரானைட் இப்படிச் செம்மண்ணாகிறது. அந்தச் செம்மண் சில இடங்களில் முப்பது மீட்டர், அதற்கும் மேல் ஆழத்துக்கு இறங்குகிறது. மணற்கல்லில் இருப்பவை ஏற்கெனவே ஒருமுறை சிதைவைத் தாண்டி வந்த குவார்ட்ஸ் மணிகள். அவற்றுக்குப் புதிதாக இழக்க அதிகம் இல்லை. இழப்பது பசையைத்தான். கடினமான கல் விரைவில் மக்குவதும், உதிரிகளால் ஆன கல் தாங்கி நிற்பதும் வெப்பநாட்டில் வியப்பில்லை.

சிதைவு நீர் இறங்கும் வெடிப்புகள் வழியே நடப்பதால் கிரானைட் சீராக மக்குவதில்லை. வெடிப்புகளுக்கு நடுவே அகப்பட்ட துண்டுகளின் மூலைகள் முதலில் கரைய, உள்ளே உருண்டையான கற்கள் மிஞ்சும். மென்மையான மண்ணுக்குள் யானை அளவுக் கல் புதைந்து கிடக்கும். பெருவிரைவு ரயில் சுரங்கம் குடையும் இயந்திரத்துக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை. வெட்டுமுகத்தின் மேற்பாதி மண்ணிலும் கீழ்ப்பாதி பாறையிலும் சுழலும்போது சக்கரங்கள் தேய்கின்றன, உடைகின்றன. படிவுப்பாறைப் பகுதியின் தொல்லை வேறு மாதிரி: சாய்ந்த அடுக்குகள் வழுக்கும், பிளவுகளில் நீர் பாயும். நகர மையத்தில், ஃபோர்ட் கேனிங் குன்றின் சுற்றுப்புறத்தில், மூன்றாவது ஒன்று: கெட்டியான செங்களிமண்ணுக்குள் பெரும் மணற்கற்கள் செருகிக் கிடக்கும் படுகை. அங்கே படிவுப்பாறையும் கிரானைட் போலவே விளையாட்டுக் காட்டுகிறது. நகரத்தின் கட்டுமானத் தளங்களில் உழைப்போரில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கணிசம். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடும் கூட்டத்தில் இந்த வேறுபாடுகளைப் படித்து அறியாமல் கையால் அறிந்தவர்கள் இருப்பார்கள்.

கல்லின் பிறப்பு கல்வெட்டின் ஆயுளையும் முடிவு செய்கிறது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819இல் கண்டறியப்பட்ட பெரும் எழுத்துப்பாறை மணற்கல். உயரம் சுமார் மூன்று மீட்டர். ஐம்பது வரிகள் அளவுக்கு எழுத்து. கண்டெடுத்தபோதே எழுத்துகள் தேய்ந்து யாராலும் படிக்க முடியாத நிலை. 1843இல் ஆற்றுமுகத்தை அகலமாக்கவும் அங்கிருந்த கோட்டைக்கு இடம் ஏற்படுத்தவும் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்து பழைய ஜாவாவின் ‘கவி’ எழுத்து வகை என்பது பலர் கருத்து. 2019இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் அதில் ‘கேசரிவ’ என்று படித்து, பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தோடு இணைத்தார். தமிழருக்கு இனிக்கும் வாசிப்புதான். ஆனால் தேய்ந்த கல் பல வாசிப்புகளுக்கு இடம் கொடுக்கும் என்பதால் அதை முடிவாகக் கொள்ளாதிருப்பதே நேர்மை.

இதற்கு மாறாக, 1010இல் கருங்கல்லில் கட்டி முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் அடிச்சுவர்க் கல்வெட்டுகளை இன்றும் விரல்வைத்துப் படிக்கலாம். ஒப்பீடு முழு நியாயமானது அல்ல. ஒன்று பராமரிக்கப்பட்ட கோயில், மற்றது அலையடித்த பாறை. என்றாலும் வேதியியலுக்கும் இதில் பங்குண்டு. மணற்கல்லின் துளைகளில் கடல்நீர் புகும். காயும்போது உப்பு படிகமாகி மணிகளைத் தள்ளும். எழுத்தின் ஓரங்கள் மணல்மணலாக உதிரும். துளையற்ற கருங்கல்லில் உப்புக்கு நுழைவாயில் குறைவு.

அதே காரணம் அடுப்படியிலும் செல்லும். சிராங்கூன் சாலையின் பாத்திரக் கடைகளில் அடுக்கிவைத்த அம்மியும் குழவியும் கருங்கல்லால் ஆனவை. மணற்கல்லில் அம்மி செய்தால் மிளகாயோடு மணலும் அரைபடும். கருங்கல்லில் மணி உதிராது. தேய்ந்து வழுவழுப்பாகும்போது உளியால் கொத்திக்கொண்டால் போதும். கோயில் மூலவரைக் கருங்கல்லில் வடிக்கும் வழக்கத்துக்கும் ஆகமக் காரணங்களோடு இதுவும் பொருந்தும்: நாள்தோறும் எண்ணெய், பால், நீர் என்று அபிடேகம் காணும் கல் எதையும் உறிஞ்சக்கூடாது.

உபின் தீவின் பெயரே கல்லைக் குறிக்கிறது. மலாயில் ‘உபின்’ தரைக்குப் பாவும் சதுரக்கல். 19ஆம் நூற்றாண்டில் அங்கே உடைத்த கிரானைட்டால் பெட்ரா பிராங்கா பாறையில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851இல் எழுந்தது. ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமும் அதே கல். அலையும் உப்பும் ஓயாமல் மோதும் இடத்துக்கு ஹார்ஸ்பர்க் விளக்கத்தின் பொறியாளர் ஜே. டி. தாம்சன் அந்தக் கல்லைத் தேர்ந்தது சரியான தேர்வு. 1924இல் முறையாகத் திறந்த ஜொகூர் பாலத்தின் கல்லும் உபின், புக்கிட் தீமா குழிகளிலிருந்து போனது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் உபினில் கல்லுடைத்திருக்கிறார்கள். கட்டட வரலாறுகள் பொறியாளரின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகின்றன. தீவின் கடைசிக் கல்லுடைப்புக் குழி 1999இல் மூடப்பட்டது.

படிவின் பக்கத்துக்கு லிட்டில் இந்தியாவிலேயே ஒரு பெயர் இருந்தது: சுண்ணாம்புக் கம்பம், அதாவது சுண்ணாம்புக் கிராமம். சிராங்கூன் சாலையில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் அந்த வட்டாரத்தைத் தமிழர் அப்படி அழைத்தனர். வீரமாகாளியம்மன் கோயிலும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் எனப்பட்டது. சுட்டது பவளமும் சிப்பியும். அவை சுண்ணாம்புக்கல்லாக இறுகுவதற்கு முன்னமே மனிதன் எடுத்துக்கொண்ட கடற்படிவு. சூட்டில் கரியமில வாயு வெளியேற, நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. கடல் நெடுங்காலம் எடுத்துச் செய்யும் வேலையைக் கொத்தனார் சில வாரத்தில் முடிக்கிறார். இந்தியக் கைதிகளின் உழைப்பில் 1861இல் எழுந்து முடிந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்துப் பூசினார்கள். சென்னைச் சுண்ணச்சாந்து என்று பெயர்பெற்ற முறை அது.

இப்போது நிலம் போதாத நாடு பாறைக்கு உள்ளேயே போகிறது. மண்டாயில் கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழிக்குக் கீழே கிரானைட்டைக் குடைந்து அமைத்த வெடிமருந்துக் கிடங்கு 2008இல் செயல்படத் தொடங்கியது. கிரானைட்டின் அடர்த்தி அங்கே காவல். தரையில் 300 ஹெக்டேர் அளவு நிலம் மிச்சம். ஜூரோங் தீவுக்கு அருகே கடலடியில் 130 மீட்டர் ஆழத்தில், 2014இல் திறந்த எண்ணெய்க் குகைகள் படிவுப்பாறையில் அமைந்தவை, கொள்ளளவு 14.7 லட்சம் கன மீட்டர். துளையும் பிளவும் உள்ள பாறையில் எண்ணெயை எப்படித் தேக்குவது? பாறையின் குறையையே பொறியாளர்கள் பயன்படுத்தினார்கள். பெரும் கசிவுகளைச் சிமென்ட் பாய்ச்சி அடைத்தார்கள். மற்றபடி சுற்றிலும் உள்ள நீரின் அழுத்தம் எண்ணெயைவிட அதிகமாக இருக்கும்படி குகைகளுக்கு மேலே துளைகளிட்டு நீரைச் செலுத்தினார்கள். நீர் உள்ளே வர முனைவதால் எண்ணெய் வெளியே போக வழியில்லை.

இரண்டு பாறைகளுக்கும் இடைப்பட்ட ஒன்றும் உண்டு: கிழக்கே பிடோக், சாங்கி பக்கம் பரவிக் கிடக்கும் பழைய வண்டல். வடக்கிலிருந்த கிரானைட் நிலம் மக்கி ஆறுகள் கொண்டுவந்த மணலும் சரளையும் அது. குவார்ட்ஸ் மணி அப்படியே இருக்கிறது, ஃபெல்ட்ஸ்பார் வெள்ளைக் களிமண்ணாகத் தூள்பட்டிருக்கிறது. பாதி இறுகிய நிலை. மண்வெட்டிக்குக் கடினம், உளிக்கு மென்மை. தீப்பாறை படிவுப்பாறையாகும் வழியில் நடுவில் நிற்கும் பொருள்.

ரோச்சோர் கால்வாயை ஒட்டிய தாழ்நிலம் அந்த வழியின் தொடக்கத்தில் நிற்கிறது. கடைசிப் பனியூழிக்குப் பின் கடல்மட்டம் உயர்ந்தபோது ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்து போட்ட களிமண் அங்கே அடியில் இருக்கிறது. சாம்பல்பச்சை நிறம், சிப்பித் துணுக்குகள் கலந்தது, பத்தாயிரம் ஆண்டுகூட ஆகாதது. அதன்மேல் நிற்கும் கட்டடங்கள் ஆழத்திலுள்ள கெட்டி நிலம் வரை தூண்களை இறக்க வேண்டியிருக்கிறது.